சிசேரியன் தையல்: நூலா, ஸ்டேப்ளரா?

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் இரண்டாவது சிசேரியன். உடல் பருமன், கர்ப்பகாலச் சர்க்கரை இரண்டும் உண்டு. முதல் பிரசவத்தில் ஸ்டேப்ளர் பின் போட்டார்கள். எடுத்த மறுநாளே ஒரு ஓரம் பிரிந்து சீழ் வைத்துவிட்டது. இந்த முறை எதைப் போடச் சொல்லலாம்? பசை போட்டும் ஒட்டுகிறார்களாமே?

பதில்: தோலுக்கு அடியிலேயே ஓடும் கரையும் நூல் தையலைக் கேளுங்கள். 746 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நூல் தையல் போட்டவர்களில் 4.9 சதவீதம் பேருக்குக் காயத்தில் சிக்கல் வந்தது; ஸ்டேப்ளர் போட்டவர்களில் 10.6 சதவீதம். இந்த வித்தியாசம் பெரும்பாலும் காயம் பிரிந்ததால் வந்ததுதான். பிரிந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல். ஸ்டேப்ளரில் சில நிமிடம் மிச்சமாகும். அவசர நேரத்தில் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் உங்களுடையது தேதி குறித்துச் செய்யும் அறுவை. பசை மேல்தோலை மட்டுமே பிடிக்கும். அடியில் இருப்பதை எப்படியும் தைத்தாக வேண்டும்.

அந்த அடிப்பகுதியைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். தோலுக்குக் கீழே கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதைத் தனியாகத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இடைவெளி விழுந்து நீர் கோக்கும், மேலே எவ்வளவு அழகாகத் தைத்தாலும் விட்டுக்கொள்ளும். முன்பு பிரிந்ததை மருத்துவரிடம் சொல்லி, "கொழுப்பு அடுக்கையும் தைப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

தையல் மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக் ஊசி கத்தி வைப்பதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். வீட்டில் பிளேடால் சவரம் செய்து அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுக்க வேண்டுமானால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். சர்க்கரை இன்றிலிருந்தே கட்டுக்குள் வரட்டும்.

அப்புறம், பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அடிவயிற்று மடிப்பில் ஈரம் தங்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, வாடையுள்ள கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி, இதில் ஒன்று தெரிந்தாலும் தையல் பார்க்கச் சொன்ன தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.