பெர்ஃப்யூம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடையில் காகிதத் துண்டில் முகர்ந்தபோது எலுமிச்சை மணம் தூக்கலாக இருந்தது. வீட்டில் அடித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் திகட்டும் இனிப்பு வாசனையாக மாறிவிடுகிறது. போலியை விற்றுவிட்டார்களா?

பதில்: இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அசல் சரக்கும் இப்படித்தான் மாறும். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) போன்றவை சீக்கிரம் ஆவியாகும் எண்ணெய்கள். கால் மணி, மிஞ்சினால் அரை மணி நேரத்தில் அவை பறந்துவிடும். அடுத்து பூ, மசாலா மணங்கள் சில மணி நேரம் நிற்கும். கடைசியில் தங்குவது வெனிலா, சந்தனம், கஸ்தூரி வகை. நீங்கள் காசு கொடுத்தது முதல் கால் மணிக்கு. நாள் முழுக்க உடம்பில் இருக்கப்போவது கடைசியில் வருவது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். வேறு எந்த வாசனையும் பூசாமல் கடைக்குப் போங்கள். மூன்று, நான்கு மணங்களுக்கு மேல் பார்க்க வேண்டாம். அதற்கு மேல் மூக்குக்கு வித்தியாசம் பிடிபடாது. ஒவ்வொரு காகிதத் துண்டிலும் பெயரை எழுதிவிடுங்கள். அடித்த உடனே முகர்ந்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறும், அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். பிடித்த இரண்டை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 1 மணி நேரம் கழித்து ஒரு முறை, 4 மணி நேரம் கழித்து ஒரு முறை முகருங்கள். அப்போதும் பிடித்தால் வாங்கலாம். நடுவில் மூக்கைத் தெளியவைக்கக் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். அதுவும் கடுமையான இன்னொரு வாசனைதான். வெளிக்காற்றில் நாலு மூச்சு விட்டால் போதும்.

கேள்வி: காலையில் ஆறேழு தடவை அடிக்கிறேன். பத்து மணிக்கெல்லாம் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. நாள் முழுக்க நிற்க என்ன வழி?

பதில்: முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பதால் வாசனை போய்விட்டதாக அர்த்தமில்லை. ஒரே மணம் தொடர்ந்து வந்தால், கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. இது தெரியாமல் மேலும் மேலும் அடித்துக்கொள்பவர்களால்தான் லிஃப்டில் மற்றவர்களுக்குத் தலைவலி. அதிலும் கழுத்தில் முன்பக்கம் அடித்தால் மூக்குக்கு நேர் கீழே இருப்பதால் சீக்கிரமே பழகிப்போகும். கழுத்தின் பின்பக்கம், முழங்கை மடிப்பு, மார்பு ஆகியவை மேல்.

பிறருக்கும் தெரியவில்லை என்றால், வறண்ட சருமம் காரணமாக இருக்கலாம். குளித்துத் துடைத்ததும் மணமில்லாத மாய்ஸ்சரைசரையோ, துளி வாசலினையோ அந்த இடங்களில் தடவுங்கள். அது சருமத்தில் படிந்தபின் 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து அடியுங்கள். ஒட்டிப் பிடித்தால் ஒரே இடத்தில் ஈரமாகி வழியும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். சூட்டில் முதல் மணங்கள் இன்னும் வேகமாகப் பறக்கும். துணியில் அடித்தால் சருமத்தைவிட அதிக நேரம் நிற்கும். ஆனால் பட்டிலும் வெள்ளைத் துணியிலும் கறை விழக்கூடும், உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள். முத்து நகையை, அடித்தது காய்ந்தபின் அணியுங்கள்.

அளவு? அலுவலகத்துக்கு 2 அல்லது 3 அழுத்தல் தாராளம். ஒரு அழுத்தலில் சுமார் 0.1 மில்லி வரும். 50 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 500 அழுத்தல். ஏழு ஏழாக அடித்தால் இரண்டரை மாதத்தில் காலி!

கேள்வி: கொலோன் ஆண்களுக்கு, பெர்ஃப்யூம் பெண்களுக்கு. சரிதானே?

பதில்: இல்லை. வேறுபாடு அடர்த்தியில். கொலோனில் மண எண்ணெய் சுமார் 2 முதல் 5 சதவீதம், ஓ த துவாலெட்டில் (EDT) 5 முதல் 15, ஓ த பர்ஃபாமில் (EDP) 15 முதல் 20, பர்ஃபாமில் அதற்கும் மேல். இவை வழக்கத்தில் உள்ள அளவுகள்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கொலோன் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் வெயிலுக்கு நல்லது. யார் வேண்டுமானாலும் பூசலாம்.

கேள்வி: சென்ட் அடித்த இடத்தில், கழுத்தில் ஒழுகியது போல் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. ஏன்?

பதில்: வெயிலில் போனீர்களா? பெர்கமாட் போன்ற சில எண்ணெய்களில் இருக்கும் பெர்காப்டென் என்ற பொருள், வெயில் பட்டதும் சருமத்தைப் புண்ணாக்கிக் கருக்க வைக்கும். சென்ட் வழிந்த தடத்திலேயே கோடு விழுவது இதன் அடையாளம். இப்போது பல தயாரிப்புகளில் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயையே சேர்க்கிறார்கள். கையால் தயாரித்தவற்றிலும் பழைய பாட்டில்களிலும் அது இருக்கலாம். அந்தப் பாட்டிலை இனி துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோடு மங்க மாதக்கணக்காகும். அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிவையுங்கள். கொப்புளமோ அரிப்போ இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாட்டிலில் நிறம் கறுத்துவிட்டது. கொட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெனிலா சேர்ந்தவை கெடாமலே கறுக்கும். காகிதத்தில் ஒரு அழுத்தல் அடித்து முதல் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். புளித்த வாடையோ பழைய எண்ணெய் வாடையோ வந்தால் கெட்டது என்று பொருள். குளியலறை அலமாரியும் ஜன்னலோரமும் பெர்ஃப்யூமுக்கு ஆகவே ஆகாது. அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டு, துணி அலமாரிக்குள் வையுங்கள்.