தண்டப்பணத்தோடு முடிந்த வழக்கு மகனின் விசாவைத் தடுக்குமா?

கேள்வி: என் மகனுக்கு இப்போது 23 வயது. 19 வயதில், பாடசாலைக் கிரிக்கெட் போட்டி முடிந்த மாலை காலி வீதியில் நடந்த கைகலப்பில் அவனையும் சேர்த்துப் பிடித்தார்கள். அடிபட்ட பையனுக்குச் சிறு காயம்தான். நீதவான் நீதிமன்றத்தில் இரண்டாம் தவணையிலேயே வழக்கு முடிந்துவிட்டது. கொஞ்சம் பணம் கட்டியதாக ஞாபகம். "இனி ஒன்றும் இல்லை" என்றார் சட்டத்தரணி. இப்போது மகன் இங்கிலாந்தில் படிக்க விண்ணப்பிக்கிறான். நியூயோர்க்கில் இருக்கும் என் அண்ணன், அங்கே இளம் வயதுக் குற்றப் பதிவுகளை முத்திரையிட்டு மூடிவிடுவார்கள் என்கிறார். இங்கும் அப்படிச் செய்ய முடியுமா? கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒருவர், பணம் கொடுத்தால் பதிவையே எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்.
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது நியூயோர்க்கைப் பொறுத்தவரை சரி. அங்கே 19 வயது நிறையுமுன் குற்றம் செய்தவரை இளம் குற்றவாளியாக நடத்த நீதிமன்றம் முடிவுசெய்தால், குற்றத்தீர்ப்பே விலக்கப்பட்டுப் பதிவும் மூடப்படும். வயது வந்தவர்களுக்கும் 2024 நவம்பரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறு குற்றமானால் மூன்று ஆண்டுகள், பெரிய குற்றங்கள் பலவற்றுக்கு எட்டு ஆண்டுகள் புதிய வழக்கில்லாமல் கழிந்தால் பதிவு தானாகவே பொதுப் பார்வையிலிருந்து விலகும். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, தண்டப்பணம் மட்டும் செலுத்திய ஒருவர் ஓராண்டு கழிந்தபின் பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையில் இவற்றுக்கு ஈடான சட்டம் இல்லை. குற்றத்தீர்ப்பு ஒன்று பதிவாகிவிட்டால், இத்தனை ஆண்டுகளில் அது தானாகக் காலாவதியாகும் என்று எந்த ஏற்பாடும் கிடையாது. இதில் ஒரு முரணும் உண்டு. நாட்டின் அரசியலமைப்பு, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை அனுபவித்தவருக்குக்கூட, விடுதலையாகி ஏழு ஆண்டுகள் கழிந்தால் வாக்குரிமையைத் திருப்பிக் கொடுக்கிறது. சில ஆயிரம் ரூபாய் கட்டிய இளைஞனுக்கோ அரச வேலை விண்ணப்பத்தில் "நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீரா?" என்ற வரி ஆயுள் முழுவதும் காத்திருக்கிறது. இளம் வயது வேறு என்பதை நமது சட்டம் அறியாததல்ல. 1939ஆம் ஆண்டிலேயே 22 வயதுக்கு உட்பட்ட இளம் குற்றவாளிகளைத் தனிப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பக் கட்டளைச் சட்டம் இயற்றினார்கள். ஆனால் எங்கே அடைப்பது என்பதைப் பற்றித்தான் யோசித்தார்கள். வெளியே வந்தபின் அவர்களைத் தொடரும் காகிதத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆகவே நம் நாட்டில் பதிவை மூடும் வேலை, நடந்தால், தீர்ப்பு நாளிலேயே நடந்திருக்க வேண்டும். அதற்கான கதவு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாக நீதவான் கருதினாலும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வயது, குணம், முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்புக்குப் போகாமலேயே எச்சரித்து விடுவிக்கலாம். அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். 19 வயதுப் பையன், முதல் வழக்கு, சிறு காயம் என்றால் சட்டத்தரணி முதலில் கேட்டிருக்க வேண்டிய நிவாரணம் இதுதான். நடைமுறை வேறு. "ஒப்புக்கொள், தண்டம் கட்டு, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்பதுதான் நீதிமன்ற வாசலில் கேட்கும் ஆலோசனை. ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்த, பிள்ளைக்கு ஆயுள்முழுவதற்கும் ஒரு குற்றத்தீர்ப்பை வாங்கிக் கொடுக்கும் ஆலோசனை அது.

உங்கள் மகனுக்கு என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். "பணம் கட்டினோம்" என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. அது தண்டப்பணமாக இருக்கலாம். அப்படியானால் குற்றத்தீர்ப்பு இருக்கிறது. அடிபட்டவருக்குக் கொடுத்த நட்டஈடாக இருந்து, இரு தரப்பும் 266ஆம் பிரிவின்கீழ் இணக்கத்துக்கு வந்திருக்கலாம். சிறு காயம் விளைவித்தல் அப்படி இணங்கக்கூடிய குற்றம்தான். அந்த இணக்கத்துக்குச் சட்டம் கொடுக்கும் பலன் விடுதலைத் தீர்ப்பின் பலன். 306இன் கீழான கட்டளையாகவும் இருக்கலாம். அப்படியானால், நான்கு ஆண்டுகள் கடந்த நிலையில் பிணைமுறிக் காலமும் முடிந்திருக்கும்.

எனவே இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். வழக்கிலக்கத்தைத் தேடி எடுங்கள். பழைய பிணைப் பற்றுச்சீட்டிலோ பணம் கட்டிய பற்றுச்சீட்டிலோ அது இருக்கும். அதைக் கொண்டு வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் குற்றப்பத்திரத்துக்கும் இறுதிக் கட்டளைக்கும் சான்றுப்படுத்தப்பட்ட பிரதி கோரி விண்ணப்பியுங்கள். இலக்கம் இல்லையென்றால் திகதியையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் கொண்டு தேடச் சொல்லலாம், பொறுமை வேண்டும். பிரதி சிங்களத்தில் வந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகமும் தூதரகமும் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

பிரதியில் தண்டப்பணம் என்று இருந்தாலும் உடனே மனம் உடைய வேண்டாம். மேன்முறையீட்டுக்கான 14 நாள் எப்போதோ போய்விட்டது. ஆனால் நீதவானின் கட்டளையை மீண்டும் பார்க்கக் கோரி மாகாண மேல் நீதிமன்றத்தில் போடும் மீளாய்வு மனு என்று ஒன்று உண்டு. அதற்குக் கட்டாயக் கால எல்லை இல்லை. எனினும் நான்கு ஆண்டுகள் ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும், விதிவிலக்கான காரணமும் காட்ட வேண்டும். "வெளிநாடு போக வேண்டும்" என்பது காரணமாகாது. நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. குற்றச்சாட்டு அவருக்கு எந்த மொழியில் வாசிக்கப்பட்டது? அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி விளங்காதவருக்குத் தமிழில் மொழிபெயர்ப்புப் பெற உரிமை உண்டு, அதை அரசு வழங்க வேண்டும். கொழும்பில் தமிழ்ப் பையன்கள் பலர் சிங்களத்தில் வாசித்த குற்றச்சாட்டுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். வழக்கேட்டில் மொழிபெயர்ப்பாளர் இருந்ததற்கான குறிப்பே இல்லையென்றால் அது பேசத்தக்க விடயம். ஆனால் உங்கள் மகன் சிங்களம் சரளமாகப் பேசுபவரென்றால் இந்த வாதத்தைத் தொடவே வேண்டாம். சத்தியக்கடதாசியில் பொய் எழுதினால் அது அடுத்த வழக்கு.

ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தண்டப்பண வழக்குக்காக அந்தப் பாதையில் நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

பொலிஸ் நற்சான்றிதழ் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் குடியிருந்த பகுதிகளின் பொலிஸ் நிலையங்களிடமும் விசாரித்துத்தான் தலைமையகம் அதை வழங்குகிறது. நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு, நிலையத்தின் புத்தகத்தில் முடிவு குறிக்கப்படாமல் திறந்தே கிடக்கக்கூடும். நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் நீதிமன்றக் கட்டளையின் பிரதியைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழிலும் குற்றத்தீர்ப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. அவர் பெரும்பாலும் உங்கள் வாயால் கேட்டதையே எழுதுவார். அங்கே சொல்வதும் நீதிமன்றக் கட்டளையும் ஒன்றாக இருக்கட்டும்.

புதுக்கடை மனிதரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வழக்கேட்டிலிருந்து ஒரு தாளை உருவினாலும் பொலிஸ் நிலையப் பதிவும், கைவிரல் அடையாளம் எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவும் அப்படியே இருக்கும். இலஞ்சம் கொடுப்பவரும் 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் குற்றவாளிதான்.

இனி விசா விண்ணப்பம். பிரித்தானியப் படிவம் எந்த நாட்டிலும் பெற்ற குற்றத்தீர்ப்புகளையும் தண்டனைகளையும் கேட்கிறது. அந்நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் தரும் மறைப்பு, குடிவரவு முடிவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே "காலம் கடந்துவிட்டது" என்று நினைத்து "இல்லை" என எழுதக் கூடாது. சிறு தண்டப்பணம் ஒன்றினால் மாணவர் விசா மறுக்கப்படுவது அரிது. அதை மறைத்தது தெரியவந்தால் ஏமாற்று என்று கருதி 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை நிராகரிக்க அவர்களுக்கு விதி இருக்கிறது. அமெரிக்கப் படிவம் இன்னும் விரிவானது. கைது செய்யப்பட்டதுண்டா என்றே கேட்கிறது, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது. அங்கே உள்ளூரில் பதிவை மூடியிருந்தாலும் குடிவரவு அதிகாரிக்கு அது மூடப்பட்டதல்ல என்பதை உங்கள் அண்ணனும் அறிந்திருப்பது நல்லது.

306ஆம் பிரிவின் கட்டளை கையில் இருந்தாலும் வெறுமனே இல்லை என்று எழுதிவிட்டு வராதீர்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டதாக ஒரு நீதிமன்றம் கண்டதையே சில நாடுகள் தம் சட்டப்படி குற்றத்தீர்ப்பாகக் கொள்ளும். கேள்வியின் வாசகத்துக்கு நேராகப் பதில் எழுதி, நடந்ததை நான்கு வரியில் விளக்கி, கட்டளையின் பிரதியை இணையுங்கள். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லையென்றால், புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். போகும்போது கட்டளையின் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள். அது இல்லாமல் யாரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது.