மாநில அணியில் ஒரு இடம் காலியாம், 45 ஆயிரம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஊரில் கபடி ஆடிக்கொண்டிருந்தவனை உடற்கல்வி ஆசிரியர் ரக்பிக்கு மாற்றினார். நன்றாக ஓடுவான். 17 வயதுக்குட்பட்டோர் மாநிலப் பள்ளி அணித் தேர்வுக்குச் சென்னை போய் வந்தான், பட்டியலில் பெயர் வரவில்லை. இப்போது பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ‘ஏனுங்கண்ணா, ஒரு பையனுக்கு அடிபட்டிருச்சுங்க, ஒரு இடம் காலியா இருக்குது. 45 ஆயிரம் கொடுத்தா சேர்த்துரலாம், சர்டிபிகேட் வந்துட்டா இன்ஜினியரிங் சீட் உறுதி’ என்கிறார். மாட்டை விற்றுக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வரும் நவம்பரில்தான் பையனுக்கு 15 வயது முடிகிறது.

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம், ‘முன்பணம் பத்தாயிரம் மட்டும்’ என்று இறங்கி வந்தாலும் வேண்டாம். உடற்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில் தேர்வுக்குழு நாற்காலியில் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். மாநில அணிக்கான இடம் எந்தத் தனி ஆளின் கையிலும் விற்பனைக்கு இருப்பதில்லை. அந்த மனிதர் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் நீங்கள் தடுமாறுகிறீர்கள். அந்தக் கொஞ்சம் எது என்று பிறகு சொல்கிறேன். பையன் ஏன் விடுபட்டான் என்பதை முதலில் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் அந்த ஆளின் பேச்சு எடுபடாது.

இங்கே பள்ளி அளவில் பெரும்பாலும் ஆடுவது ஏழு பேர் ரக்பி, 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் சேர்த்த அதே வடிவம். பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தம் பதினான்கு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். களத்தில் ஏழு பேர். அதில் மூன்று பேர் முன்வரிசை, தோளோடு தோள் கோத்துத் தள்ளுகிறவர்கள். நான்கு பேர் பின்வரிசை. அந்த நால்வரில் ஓரத்தில் நின்று ஓடுகிற விங் ஒரே ஒருவன். நம் பக்கத்திலிருந்து தேர்வுக்கு வரும் பத்துப் பையன்களில் எட்டுப் பேர் வேகமாக ஓடுகிறவர்கள், எட்டுப் பேரும் விங் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். உங்கள் பையனும் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருப்பான். தேர்வாளர் கையில் இருப்பது அந்த ஒரு இடம், மிஞ்சினால் மாற்று ஆட்டக்காரர்களில் இன்னொன்று. ஓட்டத்தில் எட்டாவதாக வந்த பையன் பந்தை இரண்டு பக்கமும் தவறாமல் தள்ளிக்கொடுத்தால் அவன் உள்ளே போவான், ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவன் வெளியே நிற்பான். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு இதுதான் அநியாயமாகத் தெரியும். உண்மையில் தேர்வாளர் அணியில் காலியாக இருக்கிற வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது விஷயம் கபடி. கபடிப் பையன்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயப்படாமல் குனிந்து பிடிப்பார்கள், அதைக் கற்றுக்கொடுக்க மற்ற பையன்களுக்கு ஒரு வருடம் ஆகும். ஆனால் கபடியில் பிடித்த பிடியை விட்டால் போச்சு. ரக்பியில் பிடித்து விழுத்தியதும் உடனே விட்டுவிட்டு நகர வேண்டும், விடாவிட்டால் தப்பாட்டம், எதிரணிக்குப் பெனால்டி. தோளுக்கு மேலே பிடித்தாலும் தப்பு, கையால் அணைக்காமல் தோளால் மட்டும் இடித்தாலும் தப்பு. தேர்வு ஆட்டத்தில் ஒரு பையன் மூன்று தடவை விடாமல் பிடித்துக்கொண்டே கிடந்தால், அவன் எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் தேர்வாளர் பேனாவை மூடிவிடுவார். பதினான்கு நிமிட ஆட்டத்தில் மூன்று பெனால்டி கொடுத்தால் ஆட்டமே போய்விடும். ‘டேய், விழுத்தினதும் விட்டியா?’ என்று பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது வயது. பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 என்று மூன்று பிரிவு, பிறந்த தேதிக்கு எல்லை ஜனவரி 1. உங்கள் பையன் நவம்பர்ப் பிள்ளை. முந்தைய வருடம் ஜனவரியில் பிறந்தவனும் அதே 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் நிற்பான். இரண்டு பேருக்கும் இடையில் 22 மாதம். பதினைந்து வயதில் 22 மாதம் என்றால் குரல், தோள், தொடை எல்லாமே வேறு. தேர்வாளர்கள் இதை நினைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பலர் நினைத்துப் பார்ப்பதில்லை, பெரிய உடம்பைப் பார்த்ததும் டிக் போட்டுவிடுகிறார்கள். நான் இருந்த குழுக்களிலும் இது நடந்தது, சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். பதினொன்றாம் வகுப்பிலும் உங்கள் பையன் இதே பிரிவில்தான் வருவான், அப்போது அவன்தான் மூத்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் 19 வயதுப் பிரிவு. இந்த வருடம் பெயர் வராததால் எதுவும் முடிந்துவிடவில்லை.

இப்போது அந்த ‘காலியிடம்’. பட்டியல் அறிவித்த பிறகு புதுப் பெயர் சேராது என்பது பொது வழக்கம். ஒரே ஒரு வழியில் சேரும். இதைப் பொறுமையாகப் படியுங்கள், தரகர்கள் நுழைவது இந்தச் சந்தில்தான்.

தேர்வு நடக்கும் நாளிலேயே அணியோடு சேர்த்து ரிசர்வ் என்று சில பெயர்களை எழுதி வைப்போம். முகாமில் ஒரு பையனுக்கு அடிபடும், இல்லை காய்ச்சல் வரும், இல்லை வீட்டில் துக்கம் நடக்கும். தலையில் அடி என்றால் கேட்கவே வேண்டாம். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவனை மறுபடி களத்தில் இறக்கக் கூடாது, அதன் பிறகும் படிப்படியாகத்தான் திரும்ப வரவேண்டும் என்பது உலக ரக்பி அமைப்பின் கண்டிப்பான விதி. ஆகவே காலியிடம் நிஜமாகவே வருவதுண்டு. வந்தால் ரிசர்வ் பட்டியலிலிருந்து கூப்பிடுவார்கள். அதிலும் வரிசைப்படி முதல் பெயரைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அடிபட்டவன் ஸ்க்ரம் ஹாஃப் என்றால், அதாவது தள்ளுமுள்ளுக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிறவன் என்றால், ரிசர்வில் நான்காவதாக இருக்கும் ஸ்க்ரம் ஹாஃப் மற்ற மூன்று பேரைத் தாண்டிப் போவான். இதைப் பார்த்துவிட்டு ‘பார்த்தீங்களா, பணம் கொடுத்தவன் முந்திப் போயிட்டான்’ என்று ஊரில் பேசுவார்கள். இல்லை, அவன் ஆடும் இடத்துக்காகப் போகிறான். அப்படிக் கூப்பிடும்போது தகவல் எங்கிருந்து வரும் என்பதைக் கவனியுங்கள். அணியை நடத்துகிற அதிகாரியிடமிருந்து தலைமை ஆசிரியருக்கோ உடற்கல்வி ஆசிரியருக்கோ வரும், அவர் உங்களைக் கூப்பிடுவார். வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து யாரும் சொல்ல மாட்டார்கள். ரிசர்வ் பட்டியலில் பெயரே இல்லாத பையனுக்கு இந்த வழியும் கிடையாது. உங்கள் பையன் பெயர் ரிசர்வில் இருக்கிறதா என்று உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இருந்தால் காத்திருங்கள், காசு வேண்டாம். இல்லையென்றால் அந்த ஆள் சொல்லும் காலியிடம் உங்கள் பையனுக்கானது இல்லை.

அப்படியானால் 45 ஆயிரத்துக்கு என்னதான் தருவார்? இரண்டில் ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து ‘மேலிடத்துல மாத்திட்டாங்கண்ணா, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார். இல்லையென்றால் வேறு ஏதோ ஊரில் ஏதோ ஒரு சங்கம் நடத்தும் ‘தேசியப் போட்டி’க்குக் கூட்டிப்போய் ஒரு மினுமினுப்பான சான்றிதழ் வாங்கிக் கொடுப்பார். இரண்டாவதுதான் கொடுமை. ஏமாந்தது மூன்று வருடம் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் தெரியும்.

இந்த விளையாட்டுக்கு நாட்டளவில் அங்கீகாரம் பெற்ற கூட்டமைப்பு ரக்பி இந்தியா. பள்ளி விளையாட்டுக்கு 1954-ல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு. இந்த இரண்டின் வழியாக வராத சான்றிதழில் எத்தனை முத்திரை இருந்தாலும் ஒதுக்கீட்டுக்கு அதை நம்ப முடியாது. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுச் சான்றிதழ் காட்ட வேண்டுமானால் அதற்கென்று படிவங்கள் உண்டு. தேசியப் பள்ளிப் போட்டிக்கானது படிவம் 4, அதில் கல்வித் துறை இயக்குநரகத்தின் கையெழுத்து வேண்டும். தரகர் அந்தக் கையெழுத்தை எங்கே போய் வாங்குவார்?

கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மாடு கண்ணுக்கு முன்னால் நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், கறந்தும் பார்க்கலாம். இந்தத் தரகர் எதையாவது காட்டினாரா? தேர்வுச் சுற்றறிக்கையைக் கேளுங்கள், கையெழுத்திட்ட அணிப் பட்டியலைக் கேளுங்கள், பணத்துக்கு அமைப்பின் பெயரில் ரசீது கேளுங்கள். மூன்றையும் கேட்ட பிறகும் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள். உடைக்கோ பயணத்துக்கோ பள்ளி மூலமாக ரசீதோடு சிறு தொகை கேட்டால் அது வேறு, அதைக் கொடுக்கலாம்.

இன்ஜினியரிங் சீட் உறுதி என்றாரே, அதையும் பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம். மாநிலம் முழுக்க, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். மருத்துவத்தில் 7. அங்கே சர்வதேசப் போட்டிக்குப் போனவர்களும் தேசியப் பதக்கம் வாங்கியவர்களும் முன்னால் நிற்பார்கள். அணியோடு போய் வந்த சான்றிதழ் ஒன்றை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் பையன் அரசுப் பள்ளி மாணவன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த உரிமை அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இன்னொரு பொறியைப் பற்றியும் எச்சரிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் சிலவற்றிலிருந்து ஆள் வருவார்கள். ‘விளையாட்டுப் பையன், ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் ஃப்ரீ’ என்பார்கள். மாற்றினால் 7.5 போய்விடும். அவன் முழங்கால் போனால் அந்த இலவசமும் போய்விடும். அப்படிப் போய்விட்டு அழுதுகொண்டு திரும்பிய பையனை எனக்குத் தெரியும். சேர்த்துவிட்ட ஆள் கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

இப்படித் தரகர்கள் பிழைப்பதற்கு நம் ஏற்பாடும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேர்வு அறிவிப்பு வாட்ஸப்பில் முந்தின நாள் சாயங்காலம் வருகிறது. கோபியிலிருந்து பையன் பஸ் பிடித்து ஈரோடு போய், ஏற்காடு எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்தே போய், காலையில் பல் தேய்த்துவிட்டு நேராக மைதானத்தில் இறங்குகிறான். அவனோடு மோதுகிறவன் வீட்டில் தூங்கி எழுந்து வந்தவன். இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு இது நேர்மையான தேர்வு என்கிறோம். மேற்கு மாவட்டங்களுக்கு ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு முதல்கட்டத் தேர்வு வைத்தால் என்ன குறைந்துவிடும்? எழுதியும் பார்த்தாகிவிட்டது, நேரிலும் சொல்லியாகிவிட்டது. விடுபட்ட பையனுக்கு ஏன் விடுபட்டான் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டேன். அந்த ஒரு வரி உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இந்த ஆள் உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்க முடியுமா? இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதிக்கொள்கின்றன, பள்ளிப் பையன்கள் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வருகிறது. நம் பையன்களுக்குத் தேர்வுத் தேதியையாவது ஒரு வாரம் முன்னால் சொல்லலாம்.

காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் இடமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவில் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்த பழங்குடிப் பையன்கள் 2007-ல் லண்டனுக்குப் போய் 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி ரக்பிக் கோப்பையை வாங்கி வந்தார்கள்.

சரி, இனி பையன் செய்ய வேண்டியது. அடுத்த தேர்வுக்கு விங் என்று மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டாம். ஸ்க்ரம் ஹாஃப் வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். சின்ன உடம்புக்கும் கபடிக் கண்ணுக்கும் பொருந்துகிற இடம் அது, ஆள் கிடைக்காமல் தேர்வாளர்கள் தேடுகிற இடமும் அதுதான். தினமும் சாயங்காலம் சுவரில் ஒரு குறி போட்டு இடக்கையிலிருந்து ஐம்பது, வலக்கையிலிருந்து ஐம்பது தடவை பந்தை எறியட்டும். பங்காளிப் பையன் யாராவது இருந்தால் உழுத காட்டில் வைத்துப் பிடித்து விழுத்திப் பழகட்டும். விழுத்தியதும் நீங்கள் பக்கத்தில் நின்று ‘விடு’ என்று குரல் கொடுங்கள், குரல் கேட்ட நொடியில் கை பிரிய வேண்டும், எழுந்து நிற்க வேண்டும். பல் பாதுகாப்புக்கு வாயில் கடித்துக்கொள்ளும் மவுத் கார்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், பெரிய விலை இல்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, அடுத்த சுற்றறிக்கை வந்த அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் தேர்வுக்கு முந்தின நாளே பையனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி தூங்க வையுங்கள்.