மிக்ஸி ஜாருக்கு ஒரு காப்புரிமை – கடிதம்

வணக்கம் மேடம்,

போன மாதக் கட்டுரையில், சிந்தாத குழந்தைக் கோப்பையைக் கண்டுபிடித்த மேண்டி ஹேபர்மன் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அவரைப் பற்றி இன்னும் தெரிய வேண்டும். காரணம், நானும் ஒரு சின்ன சாமான் செய்திருக்கிறேன். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் சட்னியை வழிக்கும் கரண்டி. வளைந்த கைப்பிடி, நுனியில் மெல்லிய சிலிக்கான் நாக்கு. ஜாரைத் திருப்பினால் அது பிளேடின் கீழே புகுந்து சுற்றி வரும். இதுவரை வீட்டுக்குள் மட்டும்தான் பயன்படுத்துகிறோம். மகள் யூடியூபில் போடலாம் என்கிறாள். கணவர், "இத்துனூண்டு சாமானுக்கு யார் பேடண்ட் தருவான்?" என்கிறார். அப்படியே கிடைத்தாலும், ஜிஎஸ்டி எண் தன்னிடம் இருப்பதால் தன் பெயரில் எடுப்பதே வசதி என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக மகளிடம் சொல்லி அந்த வீடியோவை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்ட பொருளை நம் காப்புரிமைச் சட்டம் புதியதாக ஏற்பதில்லை. தெரியப்படுத்தியவர் நீங்களே என்றாலும் அதே கதைதான். அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்கு விலக்கு உண்டு, யூடியூபுக்குக் கிடையாது. கரண்டியை வார்க்கும் அச்சு (மோல்டு) செய்பவரிடம் போவதாக இருந்தாலும், வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு படத்தைக் காட்டுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு ஹேபர்மனின் கதையிலேயே பதில் இருக்கிறது. அவர் பொறியாளர் அல்ல, லண்டனில் வரைகலை படித்தவர். 1980இல் பிறந்த மகளுக்கு அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்பகுதி பிளந்திருக்கும் பிறவிக் குறை. குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியவில்லை. அதற்காக அவரே ஒரு பால் புட்டியை உருவாக்கினார். அந்தப் புட்டியைப் பிற்பாடு மெடேலா நிறுவனம் விற்றது. பத்து வருடம் கழித்து, 1990இல், ஒரு வீட்டில் சின்னக் குழந்தை ஜூஸை வெளிர்நிறக் கம்பளத்தில் கொட்டப்போவதையும், தாய் பாய்ந்து வருவதையும் பார்க்கிறார். கவிழ்த்தாலும் சிந்தாத கோப்பை என்ற யோசனை அங்கேதான் வந்தது. மூடியின் மூக்கில் கீறல் போட்ட ஒரு சின்ன வால்வு. குழந்தை உறிஞ்சினால் திறக்கும், வாயை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

பல கம்பெனிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கார்டிஃபில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தோடு சேர்ந்து தானே சந்தையில் இறக்கினார். கோப்பைக்குப் பெயர் 'எனிவேஅப்'. பெரிய பல்பொருள் அங்காடிக்குள் நுழைய அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோப்பையில் ஜூஸை ஊற்றினார், ஒரு வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் சும்மா போட்டார், டெஸ்கோவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். ஒழுகியிருந்தால் பெட்டியே காட்டிக்கொடுத்திருக்கும். ஒழுகவில்லை. டெஸ்கோவிலிருந்து போன் வந்தது. (நானாக இருந்தால் பயத்தில் இரண்டு பாலிதீன் கவர் சுற்றியிருப்பேன். விளம்பரம் அதோடு போயிருக்கும்.)

கோப்பை விற்கத் தொடங்கியதும் போட்டி வந்தது. டாமி டிப்பி என்ற பெயரில் குழந்தைப் பொருட்களை விற்ற ஜேக்கல் நிறுவனம் அதே மாதிரி ஒன்றை இறக்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வால்வு ஏற்கெனவே உள்ளது, கோப்பை ஏற்கெனவே உள்ளது, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்பது எதிர்த்தரப்பு வாதம். உங்கள் கணவர் சொன்னதையே கோட்டு போட்டுக்கொண்டு சொன்னார்கள். 1999இல் நீதிபதி லாடி அதை ஏற்கவில்லை. முன்னே எடுத்து வைத்த சின்ன அடிதான் இது, எளிய அடிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தத் தொழிலில் இருந்த யாரும் முந்தைய பத்து வருடங்களில் எப்போது வேண்டுமானாலும் எடுத்து வைத்திருக்கக்கூடிய அடி இது, அப்படியிருந்தும் ஏன் ஒருவரும் வைக்கவில்லை என்று கேட்டார். கடையில் அது விற்ற விதமும் ஹேபர்மனுக்குச் சாதகமாக நின்றது.

இதை வைத்து ரொம்பவும் துள்ளிவிடாதீர்கள். தெரிந்த பொருட்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஜார் வழிக்கும் சிலிக்கான் கரண்டிகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிளேடின் முனையில் நாக்கு கிழியாமல் இருக்க என்ன செய்தீர்கள்? சட்னி ஜார், பெரிய ஜார் இரண்டிலும் அடி இடைவெளி வேறு வேறு, ஒரே கரண்டி எப்படி நுழைகிறது? நாக்கு தேய்ந்தால் கழற்றி மாட்டலாமா? உண்மையான கண்டுபிடிப்பு அந்த மாட்டும் இடத்தில்கூட இருக்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள். வேலை செய்யும் விதத்தில் புதுமை இல்லை, உருவம்தான் புதிது என்று தெரிந்தால் வடிவமைப்புப் பதிவு இருக்கிறது. பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து.

புதுமை இருந்தால், தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். ஈரோட்டுக்குச் சென்னை கிண்டி அலுவலகம்தான். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அன்றிலிருந்து 12 மாதம் இருக்கிறது, தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அலுவலகம் விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம், உங்களுக்காக விண்ணப்பம் எழுதிப் போடும் காப்புரிமை முகவரின் கூலி தனி. பெரும்பாலும் அந்தக் கூலிதான் பெரிய செலவு.

அந்த 12 மாதத்தை விற்றுப் பார்க்கப் பயன்படுத்துங்கள். காப்புரிமை நிலத்துக்குப் பட்டா மாதிரி. கையில் இருக்கிறது என்பதற்காக ஆக்கிரமிப்பவன் ஓடிவிட மாட்டான், நீங்கள்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சான்றிதழுக்கே மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு அச்சுக்குக் காசில்லாமல் நிற்பதில் அர்த்தமில்லை. மிக்ஸி சர்வீஸ் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் கையால் வழிக்கச் சொல்லிப் பாருங்கள். அவரைவிடக் கறாரான பரிசோதகர் கிடைக்க மாட்டார்.

விண்ணப்ப விவரம் வெளியானதும், உங்கள் கண்டுபிடிப்பை நாங்களே சந்தைப்படுத்துகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களைக் கட்டுப்படுத்த 1999இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

கடைசியாக, பெயர். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் வர வேண்டும். விண்ணப்பதாரராகவும் நீங்களே இருங்கள். பெண் விண்ணப்பதாரர்கள் விரைவுப் பரிசோதனை கேட்க 2019இலிருந்து விதியில் இடம் இருக்கிறது, கணவர் பெயரில் மட்டும் போட்டால் அது போய்விடும். ஜிஎஸ்டி பில் போடுவது வேறு சங்கதி. அவர் தாராளமாக விற்கட்டும், அதற்கு நீங்கள் அவருக்கு உரிமம் கொடுங்கள். வீட்டு ஆள்தானே என்று வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுத்தில் இல்லாத உரிமம் சட்டப்படி செல்லாது.