ஆர்டிசி மாட்யூல்ல டைம் செட் பண்றது: கேட்டதும் சொன்னதும்

ஆர்டிசி, அதாவது கரன்ட் போனாலும் பேட்டரில நேரத்தை எண்ணிக்கிட்டே இருக்கற கடிகார சிப், அதைப் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லி வாய் மூடல, கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணாத்தான் எடுத்திருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, டிஎஸ்3231ங்கற ஆர்டிசி மாட்யூலை அர்டுயினோ ஊனோல மாட்டியிருக்கேன். டைம் நல்லா ஓடுது, ஆனா யூஎஸ்பி கேபிளை உருவிட்டு மறுபடி சொருகினா பழைய டைமுக்கே போயிடுது. பேட்டரி மூணு தடவை மாத்திட்டேன்.

பதில்: தம்பி, பேட்டரி பாவம், அது ஒண்ணும் பண்ணல. உங்க செட்டப் ஃபங்ஷனுக்குள்ள அட்ஜஸ்ட்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, எக்ஸாம்பிள் கோட்லேர்ந்து அப்படியே எடுத்திருப்பீங்க. அது போடற டைம் கம்ப்யூட்டர்ல கம்பைல் ஆன நேரம், அந்த நேரம் புரோகிராமுக்குள்ளயே பதிஞ்சு போயிடுது, அதனால போர்டு ஒவ்வொரு தடவை உயிர் வந்து எழும்போதும் அதே பழைய நேரத்தை எடுத்து ஆர்டிசி தலையில எழுதுது. ஆர்டிசி பாட்டுக்கு ராத்திரி பூரா கரெக்டா ஓடிக்கிட்டு இருந்திருக்கும், காலைல நீங்களே போய் கெடுத்துடறீங்க. ஊனோல இன்னொரு கூத்து, சீரியல் மானிட்டரைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும், அப்பவும் இதே கதைதான்.

டைம் செட் பண்றது ஒரே ஒரு தடவை செய்யற வேலை. அந்த வரியோட ஒரு தடவை அப்லோட் பண்ணுங்க, உடனே அந்த வரியை கமெண்ட் பண்ணிட்டு இன்னொரு தடவை அப்லோட் பண்ணுங்க. இல்லன்னா லாஸ்ட்பவர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது ட்ரூன்னு சொன்னா மட்டும் செட் பண்ற மாதிரி இஃப் போட்டுடுங்க.

கேள்வி: நானும் லாஸ்ட்பவர் இஃப் போட்டேன் ப்ரோ, இப்போ டைம் செட்டே ஆக மாட்டேங்குது, ஒரு மணி நேரம் தப்பாவே ஓடுது.

பதில்: அது சொன்னதைத்தான் செய்யுது. டிஎஸ்3231ல ஆசிலேட்டர் நின்னு போச்சுன்னா ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல ஒரு பிட் 1 ஆகும், லாஸ்ட்பவர் பாக்கறது அந்த பிட்டை மட்டும்தான். டைம் தப்பா சரியான்னு அதுக்கு எப்படித் தெரியும்? இஃபை தூக்கிட்டு ஒரு தடவை செட் பண்ணுங்க, அப்புறம் இஃபை திரும்ப வைங்க.

கேள்வி: மணி 165:165:85ன்னு வருது சார். மாட்யூல் போச்சா?

பதில்: போகல, பேச்சுவார்த்தைதான் இல்ல. அந்தப் பக்கம் பதிலே வரலன்னா எல்லா பைட்டும் 255ன்னு படிக்கும், லைப்ரரி அதை பிசிடி (ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியா நாலு பிட்ல வைக்கற முறை) கணக்குல மாத்தினா 165 வரும், செகண்டுக்கு மட்டும் மேல் பிட்டை வெட்டிடறதால 85. இந்த நம்பரைப் பாத்தாலே ஒயரைப் பாருங்கன்னு அர்த்தம். டேட்டா ஒயர் எஸ்டிஏ ஊனோல ஏ4, கிளாக் ஒயர் எஸ்சிஎல் ஏ5. அர்டுயினோ மெகால 20, 21. ஐ2சி ஸ்கேனர், அதாவது இந்த ரெண்டு ஒயர்ல எந்த சிப் எந்த அட்ரஸ்ல இருக்குன்னு தேடற புரோகிராம், ஓட்டிப் பாருங்க, ஹெக்ஸ் 68 வரணும். கூடவே 57ம் வந்தா பயப்படாதீங்க, அது மாட்யூல்ல இருக்கற ஈப்ரம்ங்கற மெமரி சிப்.

கேள்வி: லைப்ரரி இல்லாம நானே ரெஜிஸ்டரைப் படிக்கறேன். நிமிஷம் 9க்கு அப்புறம் 16ன்னு குதிக்குது!

பதில்: லைப்ரரி இல்லாம பண்றீங்களா, சபாஷ். உள்ள இருக்கறது பிசிடி, பத்து இலக்கம் மேல் நாலு பிட்ல, ஒத்தை இலக்கம் கீழ் நாலு பிட்ல. பத்துங்கறது ஹெக்ஸ் 10 ஆ இருக்கு, அதை சாதா நம்பரா பிரிண்ட் பண்ணா 16. எழுதும்போதும் இதே மாதிரி மாத்தி எழுதணும், மறந்துடாதீங்க. உங்க ஆர்டிசி டிஎஸ்1307ங்கற இன்னொரு சிப்னா செகண்ட் ரெஜிஸ்டரோட மேல் பிட் 0 ஆ இருக்கணும், 1 ஆ இருந்தா கடிகாரம் ஓடவே ஓடாது.

கேள்வி: மாட்யூல் கூட வந்த ஹோல்டர்ல சிஆர்2032 போடலாமா? வெடிக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தறார்.

பதில்: பயமுறுத்தல, காரணத்தோடதான் சொல்றார். நீலக் கலர்ல இசட்எஸ்-042ன்னு (ZS-042) அச்சடிச்ச போர்டா இருந்தா, அதுல ஒரு 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் சேர்ந்து பேட்டரியை சார்ஜ் பண்ணும். அது ரீசார்ஜபிள் எல்ஐஆர்2032க்காக வச்சது. சிஆர்2032 சார்ஜ் ஏத்தவே கூடாத செல், 5 வோல்ட்ல ஓட்டினா டயோடு தாண்டி 4.4 வோல்ட் கிட்ட போய் அது தலையில இறங்கும், உப்பிக்கும், லீக் ஆகும். சரி எல்ஐஆர் போட்டா நிம்மதியான்னா அதுவும் இல்ல, அதோட ஃபுல் சார்ஜே 4.2 வோல்ட்தான். நான் எந்த போர்டு வந்தாலும் முதல் வேலையா சால்டரிங் அயர்னை எடுத்து அந்த டயோடை கழட்டிட்டு சாதா சிஆர்2032 போட்டுடுவேன். அப்புறம் செல்லை வருஷக் கணக்குல தொட வேண்டியதில்ல.

கேள்வி: டிஎஸ்1307 வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒரு நிமிஷம் தள்ளிப் போகுது. நான் செட் பண்ணதுல தப்பா?

பதில்: உங்க மேல தப்பில்ல. அதுக்கு வெளியில இருக்கற 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் கதி, 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 செகண்ட், மாசத்துக்கு 50 செகண்ட் சொச்சம். சூடு குளிர் மாறினா இன்னும் ஆடும். டிஎஸ்3231 கிரிஸ்டலை உள்ளயே வச்சு டெம்பரேச்சரைப் பாத்து சரி பண்ணிக்கும், 0லேர்ந்து 40 டிகிரிக்குள்ள 2 பிபிஎம், அதாவது வருஷம் பூரா சேர்ந்தே ஒரு நிமிஷம். மாத்திடுங்க, கோட்ல சிப் பேரைத் தவிர பெரிசா ஒண்ணும் மாறாது.

கேள்வி: செட் பண்ணும்போதே பத்து செகண்ட் பின்னாடி இருக்கே?

பதில்: கம்பைல் முடிஞ்சு அப்லோட் ஆகி போர்டு எழுந்திருக்கற நேரம் அது. அட்ஜஸ்ட்ல அத்தனை செகண்ட் கூட்டிப் போடுங்க, இல்ல சீரியல்ல நேரத்தை டைப் பண்ணி என்டர் தட்டற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சுக்கோங்க, நான் அப்படித்தான்.

கேள்வி: ஈஎஸ்பி32 வைஃபை போர்டுல என்டிபிலேர்ந்து (இன்டர்நெட்ல நேரம் தர்ற சேவை) டைம் எடுத்து ஆர்டிசில போட்டேன், முப்பது வருஷம் தள்ளி காட்டுது.

பதில்: ஹாஹா, 1970க்கும் 2000க்கும் நடுவுல மாட்டிக்கிட்டீங்க. யூனிக்ஸ் டைம் 1970லேர்ந்து எண்ணும், சில லைப்ரரி 2000லேர்ந்து எண்ணும், வித்தியாசம் 946684800 செகண்ட். எந்த ஃபங்ஷன் எதுலேர்ந்து எண்ணுதுன்னு பாத்து கழிச்சுடுங்க. அப்புறம் ஆர்டிசிக்குள்ள யூடிசியே (உலகப் பொது நேரம்) இருக்கட்டும், லோக்கல் டைமை ஸ்கிரீன்ல காட்டும்போது மட்டும் கூட்டிக்கோங்க.

கேள்வி: அலாரம் முதல் தடவை மட்டும் அடிக்குது, அப்புறம் போர்டு தூக்கத்துலேர்ந்து எழவே மாட்டேங்குது.

பதில்: அலாரம் ஃப்ளாகை கிளியர் பண்ணலையா? அதைப் பண்ற வரைக்கும் போர்டை எழுப்பற இன்டரப்ட் பின் லோவிலேயே நிக்கும், அடுத்த அலாரத்துக்கு திரும்ப லோவுக்கு விழறதுக்கு எடமே இல்ல. எழுந்ததும் முதல் வரியிலயே கிளியர் பண்ணிடுங்க.