அம்மா மெலிவதற்கு முதுமைதான் காரணமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் வசிக்கிறோம். 74 வயதான என் அம்மா நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறார். ஆறு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 44 கிலோவாக மெலிந்துவிட்டார். மத்தியானம் சிறிது சோறு, மற்ற வேளைகளில் தேநீரும் பிஸ்கற்றும்தான். சத்துப் பால்மா வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: முதலில் அவர் ஏன் சாப்பிடுவதில்லை என்பதைக் கண்டறிய வேண்டும். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்திலொரு பங்குக்கு மேல் தானாகக் குறைவதை வயதின் இயல்பென்று விட்டுவிட முடியாது. கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைரொயிட் கோளாறு, காசநோய், புற்றுநோய் ஆகியவையும் இவ்வாறு மெலியச் செய்யுமாதலால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் இவ்வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். மெற்போமின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். நெடுங்காலம் எடுப்போருக்கு விற்றமின் பி12 குறைபாடும் வரலாம். ஆயினும் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. பல் ஆடுகிறதா, விழுங்கும்போது புரைக்கேறுகிறதா, பகலில் தனியே சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். போரில் உறவுகளை இழந்த முதியோரிடம் மனச்சோர்வு பசியின்மையாகவே வெளிப்படக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. மீன் துண்டைப் பேரப்பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் அம்மம்மாமாரையும் நான் அறிவேன். எல்லாவற்றையும் விட, 'சீனி கூடிவிடும்' என்ற பயத்தில் வீட்டாரே உணவைக் குறைத்துவிடுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மெலிந்த முதியவருக்குக் கடும் பத்தியம் நன்மையைவிடத் தீமையே செய்யும்.

சிறுநீரகம் நலமாயிருந்தால், முதியோருக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. உங்கள் தாயாருக்கு ஏறத்தாழ 44 முதல் 53 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும் உண்டு. தேநீரிலும் பிஸ்கற்றிலும் மிகச் சொற்பமே. முள் நீக்கிய குளத்து மீன், அவித்த பயறு, தயிர், தேங்காய்ப்பால் சேர்த்த பருப்பு ஆகியவற்றைச் சிறுசிறு அளவில் ஐந்தாறு தடவை கொடுங்கள். வவுனியாப் பகுதியில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதை நாம் அறிவோம். எனவே புரதத்தைக் கூட்டுமுன் இரத்தப் பரிசோதனை அவசியம்.

பால்மாவை இரு உணவுகளுக்கு இடையில், சீனி அளவைப் பார்த்துக் கொடுக்கலாம். சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். ஐந்து நாட்களுக்கு மேல் அநேகமாக எதுவுமே உண்ணாதிருந்தால், வீட்டில் திடீரென நிறைய ஊட்டக் கூடாது. இரத்தத்திலுள்ள உப்புக்கள் சடுதியாகக் குறைந்து உயிராபத்து ஏற்படலாம் என்பதால், அந்நிலையில் வைத்தியசாலையிலேயே உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.