அலுமினிய டவர்: செட்டிநாட்டு ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (காரைக்குடி): ஐயா, அலுமினியம் துருப்பிடிக்காது என்பதால் ஒருமுறை ஆண்டெனா டவரை நிறுத்திவிட்டால் பராமரிப்பே வேண்டாம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். ஒரே பருமனுள்ள இரும்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் எடை மூன்றில் ஒரு பங்குதான்; இரண்டு பேர் சேர்ந்து ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்திவிட முடியும். அதே வேளையில் அதன் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்கே என்பதால், காற்றில் கூடுதலாக வளையும். இரும்பைப் போல அது செந்துரு பிடிப்பதில்லை என்பது உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் காரணம். எங்கே சுண்ணாம்பு, செம்பு, ஈரமண் ஆகியவை அலுமினியத்தைத் தொடுகின்றனவோ, அங்கே அந்தப் படலம் தோற்றுவிடுகிறது. உலோக அரிமானத்தை ஆராயும் சிக்ரி நிறுவனம் அமைந்திருக்கும் ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் அய்யா காலத்து வீட்டின் மாடித் தளத்தில் டவரின் கால்களைப் பதித்து, சுற்றிலும் சுண்ணாம்புக் காரை பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். சரிதானா?

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம். ஆக்சைடு படலம் ஏறத்தாழ 4 முதல் 9 வரையிலான பி.எச். (அமில, காரத்தன்மை) அளவில் மட்டுமே நிலைத்து நிற்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் அளவோ 12-ஐத் தாண்டும். ஈரச் சுண்ணாம்பில் அலுமினியம் கரைந்து, ஹைட்ரஜன் குமிழிகள் வெளிவரும். ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்புக் கரைசலை எடுத்து அலுமினியத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால், கொத்தனாரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நூறாண்டு கண்ட பழைய காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகிவிட்டதால், அதன் காரத்தன்மை பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆபத்து, பழுது பார்க்கும்போது புதிதாகக் குழைத்துப் பூசும் காரையிலும் சிமென்டிலும்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கேள்வி பாரம் பற்றியது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட தளத்தின் நடுவில் டவரை நிறுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டின் பின்கட்டுக்கு வெளியே தரையில் கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதில் துத்தநாகம் பூசிய இரும்புக் கால்களைப் பதியுங்கள். அலுமினியப் பகுதி தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொடங்கட்டும். இரண்டும் சேரும் முகத்தில் தார் கலந்த பூச்சு கொடுத்து, நீர் தேங்காதவாறு அடித்தளத்தின் மேற்பரப்பை வெளிப்புறமாகச் சரித்துவிடுங்கள். பொது வீடு என்றால், கடப்பாரையை எடுப்பதற்கு முன் பங்காளிகள் அனைவரிடமும் பேசிவிடுவது நல்லது.

கேள்வி (தேவகோட்டை): டவரின் உச்சியிலிருந்து செம்புக் கம்பியில் டைபோல் (கம்பி ஆண்டெனா) கட்டியிருக்கிறேன். டவரின் ஒரு காலில் மட்டும் பச்சைக் கோடு இறங்கியிருக்கிறது. துடைத்தால் போதுமா?

பதில்: துடைத்த பிறகு அந்த இடத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசி முனை அளவில் குழிகள் தட்டுப்பட்டால், அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். செம்பிலிருந்து வழியும் மழைநீரில் கரைந்துள்ள செம்பு அலுமினியத்தின்மேல் படிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி மின்கலமாகிவிடுகிறது. உலோகங்கள் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. கம்பியின் நுனி டவரிலிருந்து தள்ளி முடியும்படி நைலான் கயிறும் இன்சுலேட்டரும் வைத்து, சொட்டும் நீர் டவரின்மேல் விழாமல் செய்யுங்கள். குழி ஆழமாக இருந்தால் அந்தப் பகுதியையே மாற்றிவிட வேண்டும். பற்றவைப்பு (வெல்டிங்) வேண்டவே வேண்டாம். 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகள் பற்றவைத்த இடத்தை ஒட்டித் தம் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடுகின்றன.

கேள்வி (கோட்டையூர்): அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் ஆகாதுதானே?

பதில்: ஆகும். பரப்பளவுதான் கணக்கு. பெரிய அலுமினியக் காலில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் அரிப்பு பரந்த பரப்பில் பகிர்ந்துபோவதால் பாதிப்பு குறைவு. பெரிய எஃகுத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் அடித்தால் அந்த ரிவெட் விரைவில் அழிந்துவிடும். மரையில் இறுகிப் பிடிக்காதிருக்க ஆன்ட்டி-சீஸ் பசை தடவுங்கள். இணைப்பைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் கழற்றிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (புதுவயல்): எங்கள் பக்கம் செம்புறாங்கல் பூமி. கோடையில் எர்த் சரியாகக் கிடைப்பதில்லை. வழக்கம்போல் உப்பும் கரியும் போட்டுக் குழி எடுக்கட்டுமா?

பதில்: உப்பு அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் மழையில் கரைந்துபோவதோடு, எர்த் கம்பியையும் அரித்துவிடும். பென்டோனைட் களிமண் ஈரத்தை நீண்டநாள் பிடித்துவைக்கும். 3 மீட்டர் நீளமுள்ள கம்பிகளைக் குறைந்தது 6 மீட்டர் இடைவெளியில் இறக்கி, அனைத்தையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் இணைத்து, வீட்டின் மின் எர்த்துடனும் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். அலுமினியப் பட்டையை மட்டும் மண்ணுக்குள் புதைக்காதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): கஜா போல் இன்னொரு புயல் வந்தால் தாங்குமா?

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, புதுக்கோட்டை மாவட்டத் தோப்புகளை என்ன செய்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 24 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும் காற்று, 40 மீட்டர் வேகத்தில் 98 கிலோவுக்கு நிகராக அழுத்தும். எனவே டவரின் உயரத்தைவிட மேலே ஏற்றும் யாகி ஆண்டெனாவின் பரப்பைப் பற்றியே முதலில் கவலைப்பட வேண்டும். அடியில் கீல் வைத்த டவர் என்றால், வானிலை எச்சரிக்கை வந்த அன்றே, காற்று எழுமுன் சாய்த்து வைத்துவிடுங்கள். டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டியிருந்தால், ஐப்பசி பிறக்குமுன் அதை முறுக்கி இறுக்கும் ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் பூட்டுக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (ஆத்தங்குடி): யாகியின்மேல் மயில்கள் வந்து உட்காருகின்றன.

பதில்: நடுக்குழாயிலிருந்து இரு நுனிகளுக்கும் மெல்லிய பாலியெஸ்டர் கயிற்றை மேலிருந்து இழுத்துக் கட்டுங்கள்; தொய்வு குறையும். மயில் நம் தேசியப் பறவை. அதற்குத் தீங்கு செய்யும் முட்கம்பி எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி (காரைக்குடி): பையன் ஏறிப் பார்க்கிறேன் என்கிறான். அனுமதிக்கலாமா?

பதில்: ஆள் ஏறுவதற்காகச் செய்த டவர்தானா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் முதலில் பாருங்கள். இலகுவான அலுமினிய டவர்கள் பல, சாய்த்து வேலை பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஏறத்தக்கதாகவே இருந்தாலும் முழு உடல் பாதுகாப்புப் பட்டையும் இரட்டைக் கொக்கிக் கயிறும் இல்லாமல் ஒரு படிகூட ஏறக் கூடாது. ஒரு கொக்கி எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். சாய்க்கும்போதும் நிமிர்த்தும்போதும் மின்வாரியக் கம்பி டவரும் ஆண்டெனாவும் சேர்ந்த உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி இருக்கட்டும். அவ்வளவு இடம் இல்லாத மனையில் டவரைச் சிறிதாக்குங்கள்.